தாத்தாவின் கேசட்டைக் கேட்டுவிட்டு என்ன எழுதுவது?

தாத்தா விட்டுப்போன எட்டு கேசட்டுகளில் ஒன்றைக் கணினியில் ஏற்றி, அதில் இருந்த தியாகராஜர் கீர்த்தனை 'ஓ ரங்கசாயி'யைக் கேட்டுவிட்டு நண்பர்களுக்கு நாலு வரி எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். "நிரவலில் பாடகர் அவசரப்படுகிறார், வயலின் சுமார், ஆனாலும் மொத்தத்தில் தெய்வீகம்" என்று. (நிரவல் என்பது பாட்டின் ஒரே வரியைப் பல விதமாக விரித்துப் பாடுவது.) அதற்கு ஒருவர், ஸரிகம தெரியாதவர்களெல்லாம் விமர்சனம் எழுத வந்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டார். சங்கீத ஞானம் இல்லாத ஒருவர் பழைய ஒலிப்பதிவுகளைப் பற்றி எழுதலாமா, எழுதினால் எப்படி எழுதுவது என்பது உங்கள் கேள்வி.

தாராளமாக எழுதலாம். ஆனால் உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தபோது, உங்களை உறுத்துவது வேறு ஒன்று என்று தோன்றியது. எனக்குக் கேட்டது நிஜமாகவே அந்தப் பாட்டில் இருந்ததா, இல்லை நானாகக் கற்பனை செய்துகொண்டேனா என்கிற சந்தேகம். இது நல்ல சந்தேகம். ஞானம் உள்ளவர்களுக்கும் இருக்க வேண்டியது, பாதிப் பேருக்கு இருப்பதில்லை. பழைய பதிவில் நம் காதில் விழுவதில் பாடியவர் பங்கு ஒன்று, பதிவு செய்த மெஷினும் அதற்கப்புறம் நகல் எடுத்த மெஷின்களும் சேர்த்த பங்கு ஒன்று, கேட்கிற நம்முடைய பழக்கமும் பிரியமும் சேர்க்கும் பங்கு ஒன்று. எதை யார் கணக்கில் எழுதுவது என்று கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதினால் போதும், ஸரிகம அப்புறம் வரட்டும்.

என்னைப் பற்றி ஒரு வரி. பத்து வருஷம் வயலின் கற்றுக்கொண்டேன், மேடை ஏறும் அளவுக்கு வரவில்லை. இருபத்தைந்து வருஷமாக மற்றவர்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் ஸ்பூல் டேப்புகளையும் கேசட்டுகளையும் கணினிக்கு மாற்றித் தருகிறேன், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து அவற்றைக் கேட்டுப் பேசுகிறோம். அவ்வளவுதான் என் தகுதி.

முதலில் நான் அசடு வழிந்த கதை. ஆரம்ப நாட்களில் ஒரு கோயில் கச்சேரிப் பதிவு கிடைத்தது. கேட்டுவிட்டு ஒரு பக்கத்துக்குப் புகழ்ந்து எழுதி, அந்த ஞாயிறு எல்லோருக்கும் படித்தும் காட்டினேன். பாடகருக்கு உற்சாகம் ஏற ஏறக் காலப்பிரமாணம், அதாவது பாட்டின் வேகம், தெரியாமலே கூடிக்கொண்டு போகிறது, குரலில் ஒரு இளமை வந்து சேர்கிறது, கடைசி அரைமணியில் அவர் இருபது வயது குறைந்தவர் போலப் பாடுகிறார், இப்படியெல்லாம். எங்களோடு உட்கார்ந்திருந்த ஒரு வயதான மிருதங்கக்காரர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, தம்பூராவும் உற்சாகமாயிடுச்சா?" என்றார்.

போய்ச் சோதித்துப் பார்த்தேன். தம்பூரா மீட்டும் சுருதி, அதாவது பாட்டுக்கு அடியில் நிற்கும் ஆதார ஒலி, கச்சேரி தொடங்கும்போது ஒரு கட்டை, முடியும்போது கிட்டத்தட்ட ஒன்றரைக் கட்டை. (சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வது வழக்கம்.) பேட்டரியில் ஓடும் டேப் ரெக்கார்டரில் பதிவு செய்திருக்கிறார்கள். பேட்டரி இறங்க இறங்க நாடா மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிவானதைச் சரியான வேகத்தில் ஓட்டினால் எல்லாமே வேகமாகவும் மேல்சுருதியிலும் கேட்கும். நான் ஒரு பக்கத்துக்குப் புகழ்ந்தது இரண்டு பேட்டரி கட்டைகளை.

அதனால் 'அவசரப்படுகிறார்' என்று எழுதுவதற்கு முன்னால் வேகத்தைச் சந்தேகப்படுங்கள். இது நிச்சயமாகச் சொல்லக்கூடிய விஷயங்களில் ஒன்று. ஒலிப்பதிவில் வேகமும் சுருதியும் ஒட்டிப் பிறந்தவை, ஒன்று ஏறினால் மற்றதும் ஏறும். கிராமபோன் காலத்திலிருந்தே இந்தத் தொல்லை உண்டு. நிமிடத்துக்கு 78 சுற்று என்பது பின்னால் நிலைபெற்ற கணக்கு, அதற்கு முந்திய தட்டுகள் 70 சொச்சத்திலிருந்து 80க்கு மேல் வரை இஷ்டப்படி பதிவாகியிருக்கின்றன. 74 சுற்றில் பதிவான தட்டை 78ல் ஓட்டினால் சுருதி கிட்டத்தட்ட அரைக் கட்டை ஏறிவிடும், 200 விநாடிப் பாட்டு 190 விநாடியில் முடிந்துவிடும். கேட்பவருக்கு 'அடேயப்பா, அந்தக் காலத்தில் என்ன சுறுசுறுப்பு' என்று இருக்கும். ஸ்பூல் டேப்பில் விநாடிக்கு ஏழரை அங்குல வேகம், மூணே முக்கால் அங்குல வேகம் என்றெல்லாம் உண்டு. குறைந்த வேகத்தில் பதிவானதை மற்றதில் ஓட்டினால் முழு ஸ்தாயி மாறி எலி கத்துகிற மாதிரி கேட்கும், குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். ஆபத்தெல்லாம் காதுக்குப் பிடிபடாத சின்ன வித்தியாசத்தில்தான். சௌக்கமாக (நிதானமாக) பாடுவதற்குப் பேர்போன எம்.டி. ராமநாதனை வேகம் குறைந்த மெஷினில் ஓட்டினால் ஒருவரும் சந்தேகப்பட மாட்டார்கள், இதுதான் அவர் சௌக்கம் என்று கண்ணை மூடிக்கொள்வார்கள்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? அந்தப் பாடகரின் வேறு பதிவுகளில் சுருதி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். போனில் சுருதிப்பெட்டி இருக்கும், அதை ஒலிக்கவிட்டு ஒப்பிட்டால் போதும், இதற்கு ஞானம் வேண்டாம். வழக்கமாக ஒரு கட்டையில் பாடுகிறவர் ஒரே ஒரு டேப்பில் மட்டும் ஒன்றரையில் பாடினால் டேப்பைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். இன்னொரு வழி, பதிவின் அடியில் ஓடும் மின்சார ரீங்காரம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது ஐந்து கட்டைச் சுருதியின் ஷட்ஜத்துக்கு ('ஸ'வுக்கு) ஒரு நூல் மேலே, ரொம்பக் கீழ் ஸ்தாயியில் 'ஊம்' என்று கேட்கும். அது 53ல் இருந்தால் டேப் வேகமாக ஓடுகிறது என்று அர்த்தம். இந்த முறையை முழுக்க நம்பியும் விடாதீர்கள். அந்த ரீங்காரம் கச்சேரி அன்று பதிவானதாக இருக்கலாம், பத்து வருஷம் கழித்து நகலெடுத்தவர் வீட்டு மின்சாரமாகவும் இருக்கலாம். நம் மின்சாரமும் அந்த நாளில் 50ல் ஒழுங்காக நின்றதில்லை, 49, 48 என்று இறங்கியதெல்லாம் உண்டு. ஆகவே கால் கட்டைக்குள் இருக்கும் வித்தியாசத்தை வைத்துக்கொண்டு யாராவது வாதம் செய்தால் நான் கலந்துகொள்வதில்லை.

அடுத்து, வெட்டு. உங்கள் கேசட்டில் நிரவல் நடுவே 'டக்' என்று ஒரு சத்தம் வந்து சட்டென்று வேகம் கூடின மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அதுதான் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைத்தது. 60 நிமிட கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 30 நிமிஷம். ஏழு அங்குல ஸ்பூலில் 1200 அடி நாடா, ஏழரை அங்குல வேகத்தில் அது ஓடுவது 32 நிமிஷம். நாடா தீர்ந்ததும் கழற்றி, திருப்பி, கோத்து, மறுபடி ஓடவிடுவதற்குள் பாடகர் காத்துக்கொண்டிருக்க மாட்டார். கீழ்க்காலத்தில் (மெதுவான நடையில்) விஸ்தாரமாக நடந்த நிரவலில் இரண்டு மூன்று நிமிஷம் போய்விட்டு மேற்காலத்திலிருந்து (வேகமான நடையிலிருந்து) தொடர்ந்தால், அவர் திடீரென்று பாய்ந்துவிட்டதாகத்தான் நமக்குக் கேட்கும். உங்கள் டேப்பில் இதுதான் நடந்தது என்று கேட்காமல் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் 'அவசரப்படுகிறார்' என்ற தீர்ப்பைத் தள்ளிவைக்க அந்த ஒரு 'டக்' போதும். இதைவிடப் பெரிய வெட்டும் உண்டு. டேப் விலை அதிகமாக இருந்த காலத்தில் தனி ஆவர்த்தனம், அதாவது மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் கட்டம், வந்ததும் மெஷினை நிறுத்திவிடும் வழக்கம் சிலருக்கு இருந்தது, அப்படி வந்த டேப்புகள் என்னிடமே பத்துப் பன்னிரண்டு இருக்கின்றன. அதைக் கேட்டுவிட்டு 'இந்தக் கச்சேரியில் மிருதங்கத்துக்குத் தனியே கொடுக்கவில்லை' என்று யாராவது எழுதினால் அந்த வித்வானும் பாவம், பாடகரும் பாவம்.

வயலின் சுமார் என்பதற்கும் இதே பதில்தான். பாடகர் முன்னால் ஒரே ஒரு மைக் இருந்தால் வயலின் எங்கேயோ பக்கத்து வீட்டில் வாசிப்பது போல மெல்லிசாக வரும். டேப் ரெக்கார்டரை மேடையோரம் மிருதங்கத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் மிருதங்கம் எல்லோரையும் அடித்துத் தள்ளும். ஒலியின் அளவை வைத்து, யார் யாரை அமுக்கினார்கள், யார் அடக்கமாக வாசித்தார்கள் என்றெல்லாம் சொல்லவே முடியாது. வயலின்காரர் என்ன வாசித்தார், பாடகர் விட்ட இடத்தை எப்படி எடுத்தார் என்பதைச் சொல்லலாம், அது மங்கலாகப் பதிவானாலும் மாறாது. 1925க்கு முந்திய தட்டுகளில் மைக்கே கிடையாது, ஒரு பெரிய கூம்புக்குள் பாட வேண்டும். மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியின் கன ஓசை அதில் அநேகமாக விழாது. அந்தத் தட்டுகளைக் கேட்டுவிட்டு அக்காலத்து மிருதங்கம் வெறும் 'டக டக' என்று முடிவு கட்டுவது, நெகட்டிவைப் பார்த்து ஆளின் நிறத்தைச் சொல்வது போல. தம்பூராவின் கதி இன்னும் மோசம். இரைச்சல் போக்குகிறேன் என்று மென்பொருளில் போட்டு அலசுகிறார்களே, இரைச்சலோடு தம்பூராவும் சேர்ந்து போய்விடுகிறது, மிச்சம் இருப்பது தண்ணீருக்கு அடியில் பாடுவது போல ஒரு குரல். எனக்கு இரைச்சலே தேவலை.

78 சுற்றுத் தட்டுகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் அதிகம் அளப்பது அவற்றை வைத்துத்தான். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே. அதற்குள் பல்லவி, அனுபல்லவி, ஒரு சரணம், முடிந்தால் இரண்டு சுற்று ஸ்வரம். பாடகர் ஜி.என்.பி.யின் (ஜி.என். பாலசுப்பிரமணியம்) 'ராதா சமேதா கிருஷ்ணா' அந்த அளவுக்கென்றே பிறந்த மாதிரி உட்கார்ந்துவிட்டது, அதைக் கேட்டு மயங்காதவரை நான் பார்த்ததில்லை. ஆனால் ஒருவர் ராகத்தை எப்படி விரிப்பார், ஒரு பெரிய கிருதியை எப்படித் தாங்குவார் என்பதற்குத் தட்டு சாட்சி இல்லை. நாடக மேடைப் பாடகர் கிட்டப்பா 1933ல் இருபத்தேழு வயதில் இறந்துபோனார். நம் கையில் இருப்பதெல்லாம் அவருடைய மூன்று மூன்று நிமிஷங்கள். குரலின் வீச்சையும் பிருகாவின் (அதிவேக ஸ்வரக் கோவையின்) தெளிவையும் அதிலிருந்து சொல்லலாம். மேடையில் அவர் என்ன செய்தார் என்பதற்கு நேரில் கேட்டவர்கள் சொன்னதுதான் ஆதாரம், அதைச் சொல்லும்போது 'சொல்லக் கேள்வி' என்று சேர்த்துக்கொள்வது நியாயம். அந்தக் காலத்தில் கச்சேரியிலும் இதே வேகத்தில்தான் பாடினார்களா, தட்டுக்காக ஓட்டினார்களா என்பது பழைய சர்ச்சை. தட்டுக்காக ஓட்டிய பங்கு அதிகம் என்பது என் ஊகம், ஊகம் என்ற அளவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

லேபிள் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கேசட் அட்டையில் தாத்தா எழுதியதாகவே இருந்தாலும் தேதியையும் பக்கவாத்தியத்தையும் அப்படியே எடுத்து எழுதாதீர்கள், 'அட்டையில் இப்படி இருக்கிறது' என்று எழுதுங்கள். கேசட்டே 1963ல்தான் வந்தது. அதற்கு முந்திய கச்சேரி கேசட்டில் இருந்தால் அது நகல், எத்தனையாவது நகல் என்பது ஆண்டவனுக்கு வெளிச்சம். மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளை 1962ல் காலமானார், நாதஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளை 1956ல், ஜி.என்.பி. 1965ல், பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் 1967ல். இந்த நாலு வருஷங்களை மட்டும் மனசில் வைத்துக்கொண்டால் சுற்றிக்கொண்டிருக்கும் தப்பான லேபிள்களில் பலவற்றைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிடலாம். பாடுகிறவர் யார் என்பதில் தப்பு வருவது குறைவு. மிருதங்கம் யார் என்பதில்தான் ஆசை புகுந்துவிடும், கொஞ்சம் நன்றாக இருந்தால் உடனே பாலக்காடு மணி ஐயர் என்று எழுதிவிடுவார்கள்.

இதெல்லாம் மெஷின் கணக்கு. இனி, ஞானமில்லாமல் பாட்டைப் பற்றி என்ன எழுத முடியும் என்பது. எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒருவர் இருக்கிறார், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இன்றைக்கும் கல்யாணி ராகத்துக்கும் சங்கராபரண ராகத்துக்கும் வித்தியாசம் தெரியாது, அதைப் பற்றிக் கவலையும் கிடையாது. ஒருநாள் தோடி ராக ஆலாபனை ஒன்று கேட்டு முடிந்ததும் அவர், "ரொம்ப நேரம் வாசல்லயே சுத்திச் சுத்தி வந்தார் சார், உள்ள போகவே இல்லை. அப்புறம் ஒரு இடத்துல டக்குனு வீட்டுக்குள்ள வந்து உட்கார்ந்த மாதிரி இருந்துது" என்றார். எந்த இடம் என்று கேட்டேன். டேப்பை ஓட்டிக் காட்டினார். பாடகர் அதுவரை பஞ்சமத்தை ('ப') தொடாமலே மத்யமத்திலிருந்து ('ம') தைவதத்துக்கு ('த') தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தவர், அங்கேதான் முதல் முறையாகப் பஞ்சமத்தில் வந்து நின்றார். பஞ்சமத்தை விட்டுவிட்டுத் தோடி பாடுவது தெரிந்தே செய்யும் வித்தை, பெயர் வைத்துப் பேசுகிற சமாசாரம். நண்பருக்குப் பெயர் தெரியாது, இடம் தெரிந்திருக்கிறது. ராகம் தெரிந்த நாங்கள் எல்லோரும் 'ஆஹா, என்ன தோடி' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அதனால் இடத்தைச் சொல்லுங்கள். எத்தனையாவது நிமிஷம், எந்த வார்த்தை. 'தெய்வீகம்' என்று எழுதினால் படிப்பவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார், '14வது நிமிஷத்தில் அந்தச் சொல்லை மூன்றாம் தடவை பாடும்போது குரலைக் கீழே இறக்குகிறார், எனக்குத் தொண்டை அடைத்தது' என்று எழுதினால் அவர் அந்த இடத்துக்குப் போய்க் கேட்பார், ஒத்துக்கொள்வார் அல்லது சண்டை போடுவார், எப்படியும் பாட்டைக் கேட்டிருப்பார். 'ஓ ரங்கசாயி'யில் இதற்கு நல்ல வசதி இருக்கிறது. தியாகராஜர் அந்தப் பல்லவியில் கேட்பது ரொம்பச் சாதாரணமான ஒன்று. ரங்கசாயி, நான் கூப்பிட்டால் 'ஓ' என்று சொல்லிக்கொண்டு வரக்கூடாதா என்கிறார். பாடகர் முதல் 'ஓ'வை எப்படிக் கூப்பிடுகிறார் என்று கேளுங்கள். தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடுகிறாரா, பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்புகிறாரா? ஒவ்வொரு சங்கதியிலும் (ஒரே வரியைப் பாடும் ஒவ்வொரு புது விதத்திலும்) அந்த 'ஓ' மாறுகிறதா, இல்லை சும்மா ஸ்வரம் ஏறி இறங்குகிறதா? கூப்பிட்டுவிட்டு ஒரு விநாடி பதிலுக்குக் காத்திருப்பது போல நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், நிறுத்தாமல் போகிறவர்களும் இருக்கிறார்கள். அப்புறம் 'பூலோக வைகுண்டம்' என்கிற சரண வரி, வழக்கமாக நிரவல் நடக்கும் இடம். அங்கே வார்த்தைகள் உடைகின்றனவா, எங்கே உடைகின்றன, வயலின் அதே இடத்தில் மூச்சு விடுகிறதா? இதைச் சொல்ல, இந்தப் பாட்டின் ராகமான காம்போதியின் ஆரோகண அவரோகணம் தேவையில்லை. ராகப் பெயரில் சந்தேகம் இருந்தால் பெயரை விட்டுவிடுங்கள், தப்பாகப் பெயர் சொன்னால் மீதி நீங்கள் சரியாகக் கேட்டதையும் யாரும் படிக்க மாட்டார்கள். ஊர் வழக்கம் அது.

ஒப்பிடும்போது கொஞ்சம் நிதானம். பாடகர் செம்மங்குடி 1908ல் பிறந்து 2003 வரை இருந்தவர். அவருடைய நாற்பது வயதுப் பதிவும் எண்பது வயதுப் பதிவும் நமக்குக் கிடைக்கும்போது, எண்பதை எடுத்து இன்னொருவரின் முப்பதோடு நிறுத்துப் பார்ப்பதில் என்ன இருக்கிறது? வீணை தனம்மாளின் தட்டுகள் அவர் அறுபதைத் தாண்டிய பிறகு எடுத்தவை. ஒருவரையே இரண்டு வெவ்வேறு வருஷங்களில் கேட்டு எழுதுவதுதான் எனக்குப் பிடித்த ஒப்பீடு. இரண்டு பேரை மோதவிட்டு எழுதினால் பதில்கள் நிறைய வரும், பாட்டைப் பற்றி ஒன்றும் இருக்காது.

என் காதைப் பற்றியும் சொல்ல வேண்டும், இவ்வளவு பேசிவிட்டு அதை மறைப்பது சரியில்லை. வயலின் கற்றவன் என்பதால் வில் எங்கே திரும்புகிறது என்று தானாகக் காது போய்விடும், அதே நேரம் மிருதங்கத்தில் ஒரு அழகான கணக்கு நடந்து முடிந்திருக்கும், எனக்குத் தெரிந்திருக்காது. லயத்தைப் பற்றி நான் எழுதினால் அந்த மிருதங்கக்காரரிடம் காட்டாமல் அனுப்பியதில்லை, இப்போது அவர் இல்லாததால் எழுதுவதையே விட்டுவிட்டேன். வயது அறுபத்து மூன்று. உச்ச ஒலிகள் காதில் மங்கிவிட்டன, ஒரு டேப்பில் இரைச்சல் இருக்கிறதா என்று என் மகளைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன். இன்னொரு கோணலும் உண்டு. என் அப்பா ரேடியோவில் பாடகர் மதுரை மணி ஐயர் வந்தால் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து போய் ரேடியோ பக்கத்தில் உட்காருவார். மணி ஐயர் பதிவு எதையும் என்னால் நடுநிலையாகக் கேட்க முடியாது, முயற்சி செய்வதும் இல்லை, எழுதும்போது அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவேன். உங்கள் டேப்பும் தாத்தாவுடையது. 'தெய்வீகம்' என்ற சொல்லில் தாத்தா பங்கு எவ்வளவு என்று நீங்கள்தான் சொல்ல முடியும், அதையும் எழுதுங்கள், அதைப் படிக்க எனக்கு விருப்பம்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது இது. மீதி ஏழு கேசட்டுகளையும் சுருக்காத கோப்பாக, டபிள்யூஏவி வடிவில் ஏற்றுங்கள், எம்பி3 நகலுக்குப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம். ஏற்கெனவே கேட்ட கேசட்டை மறுபடி ஓட்டும்போது அந்த 'டக்'குக்கு முன்னும் பின்னும் ஒரு நிமிஷம் தம்பூராவை மட்டும் கவனித்து, சுருதி ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், கேசட் தொடக்கத்தில் வயலினும் மிருதங்கமும் சுருதி சேர்க்கிற நாலைந்து நிமிஷம் இருந்தால், பாட்டு இன்னும் ஆரம்பிக்கவில்லையே என்று அதை வெட்டிவிடாதீர்கள். சுருதி எது என்று எனக்குத் தெளிவாகக் கேட்கப்போகிற இடம் அதுதான். அந்தத் துண்டை முதலில் அனுப்புங்கள்.